இடது பக்கத்து வயலின்கள்

ஞானசௌந்தரி டீச்சருக்கு நாலாம் வகுப்பு படிக்கும்போது இடது காதில் சீழ் வைத்தது. செவிப்பறையில் ஓட்டை விழுந்துவிட்டது. பஞ்சைத் தவிர வேறு எதையும் அந்தக் காதில் வைக்கக் கூடாது என்று அன்றைக்கு டாக்டர் சொன்னதை அவள் ஐம்பது வயது தாண்டியும் மீறவில்லை. பாட்டுக் கேட்கும்போது இயர்போனின் வலது குமிழ் மட்டும்தான் காதுக்குள் போகும். இடது குமிழ் சேலை மடிப்பின் மேல் தொங்கி, யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருக்கும்.

டவுனில் வீடு, பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். போகும்போது ஒரு பழைய படத்தின் பாட்டுகள் எல்லாம் முடிந்துவிடும். திரும்பும்போது, பிடித்த பாட்டை மட்டும் இன்னொரு தரம் கேட்பாள். வீட்டில் ஸ்பீக்கர் கிடையாது. கணவர் எலியேசருக்குப் பாட்டு ஆகாது. கோயிலில் கீர்த்தனை பாடும்போதுகூட அவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பார்.

மேலப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் அகமது மீரான், ஒரு காலத்தில் கேசட் பதிவு செய்து கொடுத்தவர். அவர் வாட்ஸப்பில், பழைய இசைத்தட்டு நினைவில், 'சனிக்கிழமைத் தட்டு' என்று ஒரு குழு நடத்தினார். சனிக்கிழமை காலையில் ஒரு பழைய படத்தின் பெயரைச் சொல்வார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவரும் அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு மனசில் பட்டதைக் குரலில் பதிந்து போட வேண்டும். பெரும்பாலானவர்கள் 'அருமை' என்று போட்டார்கள். டீச்சர் அப்படிப் போடுகிற ஆள் இல்லை. "முதல் பாட்டு நல்ல பாட்டு. ரெண்டாவது பாட்டு, முதல் பாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்" என்பாள். "இதைக் கேட்டுக்கிட்டே பரீட்சைத்தாள் திருத்தினேன். எல்லாப் பிள்ளைக்கும் மார்க்கு கூடிப்போச்சு. பொல்லாத பாட்டு" என்பாள். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'வடக்குத் தெரு வெயில்'. எண்பத்து நாலில் வந்த படம். வந்த வேகத்தில் போய்விட்டது. பாட்டுகள் மட்டும் தெரிந்தவர்களிடம் தங்கின. அதில் மூன்றாவது பாட்டில் கதாநாயகி, சாயங்காலம் வருவாயா என்று கேட்டுவிட்டு நிறுத்துவாள். அந்த இடத்தைப் பற்றி டீச்சர் பேசியது குழுவைத் தாண்டி எங்கெங்கோ போனது.

"கேட்டவளுக்குப் பதில் சொல்ல ஒரு நாதி கிடையாது. தபலா மட்டும் பைய தட்டிக்கிட்டு நிக்கி. வயலின் வச்சு ரொப்பியிருக்கலாம். ரொப்பல. அந்த வெறும் இடத்தை விட்டு வச்சாம் பாருங்க, அதுதான் பாட்டு."

சாத்தான்குளத்தில் ஒருவர் இதைக் கேட்டு அழுததாக எழுதினார். ராதாபுரம் இசக்கிமுருகன் என்ற இளைஞன் மட்டும், "அக்கா, அந்த இடத்துல வயலின் வருதே?" என்று போட்டான். மீரானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, டீச்சர் சொல்லுதது உள்ளுக்குள்ள இருக்க வெறுமைய. வயலின் வாசிச்சா வெறுமை போயிருமா?" என்று கேட்டார். இசக்கிமுருகன் மன்னிப்புக் கேட்டான். டீச்சர், அவனுடைய போனில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் காதில் மறுபடி சீழ் வைத்தபோது, இப்போது இதை ஒட்டுப் போட்டுச் சரிசெய்யலாமே என்றார் புது டாக்டர். ஒட்டுப் போட்டார்கள். சில மாசங்கள் கழித்து உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பஞ்சு வேண்டாம். ரெண்டு காதுலயும் மாட்டிக் கேளுங்க" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல்முதலாக இரண்டு காதிலும் கேட்கப் போவது நல்ல பாட்டாக இருக்கட்டும் என்று 'வடக்குத் தெரு வெயி'லை எடுத்தாள். மூன்றாவது பாட்டு வந்தது. கதாநாயகி கேட்டாள். உடனே, கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்க வந்த சொந்தக்காரர்கள் மாதிரி திமுதிமுவென்று வயலின்கள் நுழைந்தன.

பக்கத்தில் யாரோ போனில் வேறு பாட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பக்கத்தில் ஒரு அம்மாள் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் இடது குமிழை எடுத்தாள், வயலின் போயிற்று. வைத்தாள், வந்தது. மறுபடி முதலிலிருந்து கேட்டாள். வயலின்களுக்கு அடியில் ஒரு புல்லாங்குழல். அதற்கும் அடியில் ஓர் ஆண்குரல். வார்த்தை கிடையாது. 'ம்ம்' என்று இழுத்து, சாயங்காலம் வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது தெரியவில்லை. முருகன்குறிச்சியில் இறங்க வேண்டியவள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். பிள்ளைகள் அன்றைக்குத்தான் டீச்சர் தாமதமாக வந்து பார்த்தார்கள்.

அவளுக்கு அந்தப் பாட்டு சாத்தான்குளத்தில் பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளை அந்த ஊர்ப் பள்ளியில்தான் போட்டிருந்தார்கள். எலியேசருக்கு அப்போது மதுரையில் வேலை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வாடகை அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, வாக்மேனில் வலது குமிழை மட்டும் மாட்டி அந்தப் பாட்டைப் போடுவாள். கேட்டுவிட்டுப் பதில் வராமல் நிற்கிற பெண் தான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது அவளுக்குத் துணையாக இருந்தது. இப்போது பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு முதல் நாளிலிருந்தே பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்த அறையில் தனியாக இருந்தது ஞானசௌந்தரி மட்டும்தான்.

சாயங்காலம் எலியேசரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அவன் பதில் சொல்லியிருக்கான்."

"ஆமா."

"நல்ல விசயந்தான?"

"எனக்குப் பிடிக்கல."

"யாரு, அவனா?"

"அவன் அங்கன இருக்கதே பிடிக்கல."

"நீ வேணும்னா மறுபடி பஞ்சை வச்சுக்கிடேன்" என்றார் எலியேசர். அவர் கேலி செய்யவில்லை. அவருக்குத் தெரிந்த வழியைச் சொன்னார்.

அந்த மாசக் கடைசியில் படத்தின் நாற்பதாம் வருஷத்துக்குப் பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கூடத்தில் குழுவினர் நேரில் கூடுவதாக இருந்தது. டீச்சர்தான் பேச வேண்டும். வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள் என்று மீரானிடம் கேட்டுப் பார்த்தாள். "டீச்சர், நீங்க இல்லாட்டி நாங்க எல்லாரும் அருமைன்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போயிருவோம்" என்றார் அவர். அது உண்மையாகவும் இருந்தது.

அவள் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். இடது காதில் ஓட்டை, இத்தனை வருஷமும் வலது பக்கத்தை மட்டும் கேட்டது, இப்போது ஒட்டுப் போட்டது. "அந்த இடத்துல வெறுமை ஒண்ணும் கெடையாது. வயலின் இருக்கு, புல்லாங்குழல் இருக்கு, ஒரு ஆம்பளைக் குரலும் இருக்கு. நான் பாதிப் பாட்டைக் கேட்டுட்டு முழுப் பாட்டைப் பத்திப் பேசிட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மீரான் மைக்கை வாங்கி, "நாம எல்லாருமே பாதியைத்தான் கேக்கோம். டீச்சர் எவ்வளவு அழகா சொல்லிட்டாவ" என்றார்.

"அண்ணாச்சி, நான் காதைச் சொல்லுதேன்" என்றாள் டீச்சர். அதற்கும் கைதட்டினார்கள்.

பின்வரிசையில் ஒல்லியாக ஒருவன் எழுந்து நின்றான். "அக்கா, நான் இசக்கிமுருகன். அப்ப நான் அன்னைக்குச் சொன்னது சரிதான?"

"சரிதான் தம்பி. வயலின் இருக்கு."

"நெறைய இருக்குல்லா?"

"நெறைய இருக்கு."

"உக்காருலே" என்றார் மீரான். இசக்கிமுருகன் உட்கார்ந்தான். ஆனால் அவன் முகத்தில் இருந்த நிம்மதியை டீச்சர் கவனித்தாள். தன் காதில்தான் கோளாறோ என்று அவன் டாக்டரிடம் போய்ப் பார்த்ததைக் காப்பி குடிக்கும்போது சொன்னான். அவளுக்கு அன்று முழுக்க வருத்தமாக இருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு குழுவில் பாதிப் பேர் இடது குமிழைக் கழற்றிவிட்டு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். இப்படித்தான் நன்றாக இருக்கிறது, டீச்சர் அப்போதே சொன்னார்கள் என்று எழுதினார்கள். அவள் மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். தனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்பதை மட்டும் எழுதவில்லை.

கேட்ட படங்களை எல்லாம் முதலிலிருந்து மறுபடி கேட்கத் தொடங்கினாள். அற்புதம் என்று சொல்லியிருந்த ஒன்று இப்போது சந்தைக்கடையாகக் கேட்டது. உப்பில்லை என்று தள்ளியிருந்த இன்னொன்றின் இடது பக்கத்தில் ஒரு வீணை, யாரையும் தொந்தரவு செய்யாமல் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது, பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதுவானாலும் குழுவில் போடுவதற்கு முன்னால் இசக்கிமுருகனுக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள். அவன் அநேகமாக ஒத்துப்போக மாட்டான்.

ஒரு சனிக்கிழமை அவனே கூப்பிட்டான். "அக்கா, இந்த வாரம் ரெண்டாவது பாட்டு முடியுத இடத்துல ஒரு ஆளு இருமுதாரு. கேட்டியளா?"

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

கேட்டாள். இருமல் இல்லை. மறுபடி கேட்டாள். "அது ஏதோ மிருதங்கச் சத்தம் தம்பி" என்றாள். "இல்லக்கா, இருமல்தான்" என்றான் அவன். பேச்சு நீண்டுகொண்டே போனது. கடைசியில் டீச்சர் அடுக்களையிலிருந்து வெளியே வந்து, வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த எலியேசரின் இரண்டு காதிலும் குமிழ்களை மாட்டிவிட்டாள்.

அவர் பாட்டை முழுக்கக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு சினிமாப் பாட்டை முழுக்கக் கேட்டு அவள் பார்த்ததில்லை. முடிந்ததும் குமிழ்களைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"இருமல் இல்ல. செருமல்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பூண்டை எடுத்தார்.