இன்னும் ஐந்து வருடம்

"பிரேக்கை அமுக்கும்மா. இன்னும் நல்லா," என்றார் இன்ஸ்பெக்டர் மணிராஜ்.

அர்வா அமுக்கினாள். பின்னால் சிவப்பு விளக்கு எரிவதைக் குனிந்து பார்த்துவிட்டு அவர் தாளில் ஒரு கோடு போட்டார். ஹாரன், இண்டிகேட்டர், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தச் சோதனைத் திடலில் பதினைந்து வயது முடிந்த வண்டிகள் வெயிலில் வரிசை கட்டி நின்றன. இங்கே தேறினால் பதிவைப் புதுப்பித்து இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். தேறாவிட்டால் பழைய இரும்புக் கடைதான்.

"சேஸிஸ் நம்பர் பிரிண்ட் எங்க?"

எடுத்திருக்கவில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே பொறித்திருந்த எண்ணை எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தது. துப்பட்டா முனையால் துடைத்து, தாளை வைத்து அழுத்தி, பென்சிலால் தேய்க்கத் தொடங்கினாள். மணிராஜ் அடுத்த வண்டிக்குப் போனார். நாலைந்து எழுத்து விழுந்திருக்கும், போன் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ரைஹானத் மாமி.

"அர்வா, எங்கன நிக்கே?"

"வண்டியக் காட்டிக்கிட்டு இருக்கேன் மாமி. வாப்பா கஞ்சி குடிச்சாவளா?"

"வாப்பா மவுத்தாயிட்டாவம்மா. தூங்குதாவன்னுல்லா நெனச்சேன். பைய வா. வேகமா ஓட்டிராத."

அர்வா போனைப் பைக்குள் வைத்தாள். பிறகு மிச்சமிருந்த எண்களையும் தேய்த்து முடித்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

வாப்பா சேக் முகம்மது சவுதியில், தம்மாமில் இருபது வருடம் லாரி ஓட்டியவர். ஊரோடு வந்து சேர்ந்த வருடம் வாங்கிய வண்டி இது. சர்க்கரை கண்ணைப் பிடுங்கிக்கொண்ட பிறகு சாவி மகள் கைக்கு வந்தது. உம்மாவும் போய்விட, வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆஸ்பத்திரி, ஜும்ஆ, டீக்கடை என எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். தாடிக்காரர் ஒருவர் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போவது மேலப்பாளையத்தில் பெரிய வேடிக்கை. "என்ன சேக்கு, டிரைவர்லாம் வச்சிருக்கே போல?" என்பார்கள். "லீவே போடாத டிரைவர்வே," என்பார் வாப்பா, சிரிக்காமல்.

நாலு வருடமாக அவர் தனியே எங்கும் போனதில்லை. இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போகப்போகிறார். பெண்கள் வாசலோடு நின்றுகொள்ள வேண்டும். அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்கு ஆண்கள்தான் போவார்கள். அழுகை வருவதற்கு முன்பே இந்த நினைப்புதான் அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. கடைசிவரை கூடப் போகவேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஓனர் வரலையாம்மா?" மணிராஜ் திரும்பி வந்து தாளை வாங்கினார்.

வண்டி வாப்பா பேரில் இருந்தது. உண்மையைச் சொன்னால் இன்று தேறாது. ஆனால் அவள் அதற்காக மறைக்கவில்லை. அந்தச் சொல்லை முதன்முதலில் யாரோ ஒருவரிடம் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"வாப்பாவால எந்திரிக்க முடியாது சார்."

"பரவால்ல. இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லன்னு வாப்பாட்ட சொல்லு."

"சொல்லுதேன் சார்."

வீட்டில் தெருவே நிறைந்திருந்தது. ஆண்கள் வாப்பாவைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் ஊற்றி வைத்துவிட்டுப் போன கஞ்சியில் பாதிதான் குறைந்திருந்தது. எறும்பு மொய்த்துக் கிடந்தது. கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கூப்பிட்டார்கள். வெள்ளைத் துணிக்கு நடுவே வாப்பாவின் முகம் மட்டும் தெரிந்தது. ஓதினாள். எழுந்திருக்க மனம் வரவில்லை.

வாப்பாவின் தம்பி மீரா முகைதீனை வாசலில் பிடித்தாள்.

"சாச்சா, நானும் வாறேன்."

"பொம்பளைங்க அங்கன வாறது வழக்கமில்லம்மா. வீட்டுல இருந்து துஆ செய்." அதட்டாமல்தான் சொன்னார். அதனால் அவளால் சண்டை போடவும் முடியவில்லை.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிப் பள்ளிவாசலுக்குத் தொழுகைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் போனபின் வாசலில் பெண்களின் செருப்புகள் மட்டும் கிடந்தன, அவளுடையதும்.

கொஞ்ச நேரத்தில் சாச்சா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். கபர்க்குழிக்கு மேலே அடுக்கவேண்டிய பலகை போதவில்லையாம். ஆசாரி கடையில் அறுத்துத் தயாராக இருந்தது. எடுத்துவர ஒரு வண்டி வேண்டும். கூட வந்த தெருக்கார இளைஞன் அசன் முகம்மது அவளிடம் சாவியை வாங்கி உதைத்தான், உதைத்தான், கால் வலிக்க உதைத்தான். செல்ப் ஸ்டார்ட் பழகிய காலுக்கு அந்த வண்டி எப்படி மசியும்? சோக்கை எவ்வளவு இழுக்கவேண்டும் என்பது ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் சந்தூக்கில் இருந்தார்.

"எந்திரிங்க," என்றாள் அர்வா. ஒரே உதையில் கிளம்பியது.

சாச்சா அவளைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தொழுகை முடிகிற நேரம். பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மூன்றடிப் பலகைகளை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு அவர் வர, அவள் பாளையங்கால் வாய்க்கால் ஓரமாகப் பள்ளம் பார்த்து ஓட்டினாள். கபர்ஸ்தான் வாசலில் வண்டி நின்றதும் சாச்சாவும் குழிவெட்டுகிறவரும் பலகைகளைச் சுமந்துகொண்டு உள்ளே போனார்கள்.

"நீ இங்கனயே நில்லும்மா," என்றார் சாச்சா. வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை.

சந்தூக் வந்தது. ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். எல்லோரும் உள்ளே போனதும் பள்ளிவாசல் மோதினார் முகம்மது மைதீன் கம்பிக் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்தினார். அவளைப் பார்த்தார். மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

அந்தத் திறப்பின் வழியாக முதுகுகள்தான் தெரிந்தன. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து மூன்று பிடி மண் எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

அர்வாவும் குனிந்து, வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்தாள். எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.