பேய்க்குப் பதிலாக முதல் நன்மை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது நானாக யோசித்த கதை அல்ல. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், முடி வெட்டும் கடையில் என் முறைக்குக் காத்திருந்தபோது மடுத்தீன் சொன்னது. அவர் சொல்லும்போது அது சிரிப்புக் கதை. பிலிப்பைன்ஸ் பேய்ப்படத்துக்கு நடுவில் பாரிசுக்குப் பக்கத்துச் செவ்ரான் பிள்ளைகளின் முதல் நன்மை, அதாவது கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் சடங்கு, வந்த கதை. கடையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

சிரித்து முடித்தபின், "மனிசி என்ன சொன்னவா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அவ ஒண்டும் சொல்லேல்லை," என்றார் மடுத்தீன். பிறகு முடி வெட்டுகிறவரிடம் காதோரம் இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொன்னார்.

ஒன்றும் சொல்லாத அந்த மனிசிதான் எனக்கு வேண்டியவள். மடுத்தீனின் மனைவி, பெயர் அற்புதராணி. வருடம் எண்பத்தாறு என்று வைத்துக்கொள்வோம். மடுத்தீனுக்கும் சரியாக நினைவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "வாழைத் தோட்டத்தில் நின்ற அந்தப் பெண் இடுப்போடு இரண்டாகக் கழன்று, மேல்பாதி மட்டும் சிறகு விரித்து..."

[அடித்துவிட்டேன். பேயில் தொடங்கினால் கடைசிவரை பேயையே எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் பேயைக் காட்ட எனக்கு வழியில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.]

தொடக்கம் இரண்டு: "பாரிசில் அன்று பனி"

[வேண்டாம். பாரிஸ் என்றால் பனி பெய்தே ஆகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?]

தொடக்கம் மூன்று, இதுவே இருக்கட்டும்:

அற்புதராணியும் மிலாகிரோசும் ஒரு ஓட்டலில் அறை துப்புரவாக்குகிறவர்கள். விரிப்பின் ஒரு பக்கத்தை இவள் பிடித்தால் மறுபக்கத்தை அவள் பிடிப்பாள். மிலாகிரோஸ் பிலிப்பைன்ஸ்காரி. இருவருக்கும் நடுவில் இருந்தது கொஞ்சம் பிரெஞ்சு, அதுவும் இலக்கணத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்த பிரெஞ்சு. அதைத்தான் இங்கே தமிழில் தருகிறேன்.

அற்புதராணிக்கு அப்போது ஐந்து மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. அதனால் கனமான மெத்தையைத் தூக்க மிலாகிரோஸ் அவளை விடமாட்டாள். "நீ தலையணை. மெத்தை நான்," என்பாள்.

ஒருநாள் மிலாகிரோஸ் தன் பையிலிருந்து ஒரு வீடியோ கசெற்றை எடுத்தாள்.

"என் மகள். இதுக்குள்ளே."

மணிலாவில் வாராவாரம் ரிவியில் பேய் நாடகம் போடுவார்கள். அதில் ஒரு வாரம் மகள் நடித்திருக்கிறாள். மிலாகிரோசின் தங்கை அதைப் பதிந்து, பாரிசுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறாள். மகளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள். ஒன்பது வயதில் தன்னை விட்டுப்போன தாய்மேல் அவளுக்கு ஆறாத கோபம். கடிதத்துக்குப் பதில் இல்லை, ஒரு புகைப்படம் அனுப்புவதில்லை. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பிரான்சில் இருக்கப் பேப்பர் இல்லாத மிலாகிரோசால் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவும் முடியாது.

"முக்கியமான பாத்திரம்," என்றாள் மிலாகிரோஸ். "சின்னது இல்லை."

அவளுடைய அறையில் ரிவி இல்லை. அற்புதராணிக்கு லூயி-பிளாங் தெருவில் ஒரு தமிழ் வீடியோக் கடையைத் தெரியும்.

3

அந்தக் கடை அரியரத்தினத்தினுடையது. எந்த நாட்டுக் கசெற்றும் ஓடும் டெக் அவரிடம்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மிலாகிரோசை அழைத்து வருவதாகச் சொல்லி, கசெற் ஓடுகிறதா என்று பார்க்க அற்புதராணி மட்டும் முதலில் போனாள். அவர் பின்னறையில் போட்டுவிட்டு முன்னால் வியாபாரம் பார்க்கப் போய்விட்டார்.

நிறம் ஏறவில்லை, ஆனால் ஓடியது. மூங்கில் வீட்டில் ஒரு இளம் பெண், வயிற்றில் பிள்ளை. நீளமான தலைமுடி, நல்ல வடிவு. இவள்தான் மகள் என்று அற்புதராணி பார்த்தவுடனேயே முடிவு கட்டிவிட்டாள். பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் அவ்வளவு பெருமையாகச் சொன்னால், அந்தப் பிள்ளை பேயாக நடித்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பேய் இரவில் வந்தது. அங்கே அதற்கு மனனங்கல் என்று பெயர். பகலில் பெண். இருட்டியதும் கீழ்ப்பாதியை நிறுத்திவைத்துவிட்டு மேல்பாதி பறந்து போகும். பிள்ளைத்தாச்சி படுத்திருக்கும் வீட்டுக் கூரையில் இறங்கி, நாக்கை நூலாக நீட்டி, வயிற்றுப் பிள்ளையை உறிஞ்சும்.

[பாதி உடல் இங்கே, பாதி அங்கே, ஆகா, நம்முடைய அகதி வாழ்க்கை, என்று நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். ஒரு பக்கம் எழுதியும் வைத்தேன். பிறகு கிழித்தேன். அற்புதராணி அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு அந்த நேரம் தன் வயிறு ஒன்றுதான் நினைவு.]

கூரையில் பிறாண்டும் சத்தம் கேட்டதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்தி, மடு மாதாவைக் கூப்பிட்டாள். பேய் சிரித்தது, கத்தியது, கடைசியில் அழுதது. அவள் திறக்கவில்லை. திறந்தபோது விடிந்திருந்தது, மூங்கில் வீட்டுப் பெண் புருசனைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஓட்டலில், "பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன். உன் மகள் நல்ல வடிவு," என்றாள்.

"தலைமுடி?"

"நீளம்."

மிலாகிரோஸ் அன்று முழுவதும் பாடிக்கொண்டே கட்டில் விரித்தாள்.

4

மடுத்தீனை நான் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. மனைவி நித்திரையில் திடுக்கிட்டு எழும்புவதைப் பார்த்த மனிதர் அவர். முழுகாமல் இருக்கிறவள் பயந்தால் பிள்ளைக்குக் கூடாது என்பது அவர் படித்த பாடம். முதல் பிள்ளை போனது எதனால் என்று எந்த டாக்குத்தரும் அவருக்குச் சொல்லவில்லை. ஞாயிறு அவள் மறுபடியும் அந்தப் பேய்க்கு முன்னால் உட்காரப்போகிறாள்.

கசெற்றை வைத்திருந்த அரியரத்தினத்திடம் நேரே போனார். குடும்பத்தோடு பார்க்கக் கொப்பி கேட்டு வருகிறவர்களுக்கு, கட்டிலும் முத்தமும் வரும் இடங்களில் வேறெதையாவது பதிந்து மறைத்துக் கொடுப்பது அரியரத்தினத்தின் வழக்கம். அந்தத் தொழிலில் அவர் கைதேர்ந்தவர்.

"அண்ணை, பேய் வாற இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. அந்தப் பிலிப்பைன்ஸ் மனிசியின்ரை மகள் வாற இடத்திலை கை வைச்சிடாதேங்கோ. பாவம், தாய் பாக்கவேணும்."

"அது எனக்குத் தெரியாதே, ஐசே? அந்த வடிவான பிள்ளை ஒரு இடத்திலையும் வெட்டுப்படாது."

கொப்பி எடுக்காமல், அந்தக் கசெற்றின் மேலேயே பதிய என்ன இருக்கிறது என்று அரியரத்தினம் தேடினார். செவ்ரானில் நடந்த முதல் நன்மைக் கசெற் ஒன்று கைக்கு வந்தது. மடுத்தீனுக்குச் சந்தோசம். பேய் நின்ற இடத்தில் வெள்ளை உடுப்புப் பிள்ளைகள், வேறென்ன வேண்டும்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறோம் என்று இருவருக்கும் தெரியாது. அன்புக்கு இந்த ஒரு குறைதான், கேட்டுவிட்டுச் செய்யாது.

5

ஞாயிறு பூசை முடிந்து மிலாகிரோஸ் நேரே கடைக்கு வந்தாள். உதட்டுக்குச் சாயம், நல்ல சட்டை. ரிவிக்குள் இருக்கும் மகள் தன்னைப் பார்க்கப்போவதாக நினைத்து உடுத்தியிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மூங்கில் வீடு வந்தது. வடிவான பெண் வந்தாள். அற்புதராணி மிலாகிரோசின் முழங்கையைத் தொட்டு, "உன் மகள்," என்றாள்.

"இல்லை," என்றாள் மிலாகிரோஸ். "இது வேறு ஆள். மகள் பிறகு வருவாள்."

இருட்டியது. கூரை தெரிந்தது. உடனே மெழுகுதிரி பிடித்த பிள்ளைகள் வரிசையாகப் பீடத்துக்கு நடந்தார்கள்.

"யார் இவர்கள்?"

மடுத்தீன் உற்சாகமாக முன்னுக்கு வந்து, தெரிந்த பிரெஞ்சில் விளக்கினார். பேய் கூடாது. மனைவிக்குப் பிள்ளை. பேயை எடுத்தாயிற்று.

"எடுத்ததை எங்கே வைத்தீர்கள்?"

"இஞ்சை ஒண்டும் இல்லை. அழிஞ்சுபோச்சு," என்று தமிழில் சொன்னார் அரியரத்தினம். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

மிலாகிரோஸ் எழுந்துபோய், ரிவிக் கண்ணாடியில் பீடத்துப் பிள்ளைகள்மேல் விரலை வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பேய்தான் என் மகள்."

6

முடிவு அ: தங்கை இன்னொரு கொப்பி அனுப்புகிறாள். [எழுதிப் பார்த்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், கதை மட்டும் செத்துக் கிடக்கிறது. தங்கை பதிந்தது ஒன்றே ஒன்றுதான்.]

முடிவு ஆ: மிலாகிரோஸ் கசெற்றைப் பிடுங்கிச் சுவரில் அடித்து, ஆண்கள் இரண்டு பேரையும் [அவர்களுக்கு அது வேண்டியதுதான். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை.]

முடிவு இ, மடுத்தீனுடையது: அவளும் சிரித்துவிட்டாள். [மன்னிக்கவேண்டும் மடுத்தீன் அண்ணை, நான் நம்பவில்லை.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிலாகிரோஸ் ஆண்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அற்புதராணியின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளுடைய கையைப் பிடித்தாள்.

"நீ முழுக்கப் பார்த்தாய். நீ சொன்னாய். சொல், எப்படி இருக்கிறாள்? என்னைப்போலவா?"

அற்புதராணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். முழுக்கப் பார்த்தேன் என்ற அந்த ஒரு பொய்க்குமேல் அவளுக்குப் பொய் வராது. ஆனால், உன் மகளைக் கண்டு பயந்து கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது? கதை கட்டுவது என் பிழைப்பு, ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தை நானும் பார்க்கவில்லை. ஆறு தரம் எழுதினேன், ஆறும் வேறு யாருடையவோ முகம்.

அற்புதராணி வாயைத் திறக்கிறாள். இனி நீங்கள் சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதென்றாலும் சரி, ஒரு முகத்தைச் செய்து கொடுப்பதென்றாலும் சரி, பெரிய சொற்கள் வேண்டாம், இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சு கொஞ்சம்தான். பிள்ளைக்குப் பதினேழு வயது. தாய் கையை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.