இரண்டாம் மதிப்பீட்டாளர்

ஓர் ஆய்விதழிலிருந்து பெயர் மறைத்து மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையின் நான்காம் பக்கத்தில், அதை எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'எங்கள் வாசல் கதவின் மூன்றாவது சாவி துருப்பிடித்திருக்கிறது' என்று ஓர் உதாரணம். எங்கள் கதவுக்கு இரண்டே சாவிதான். மூன்றாவது செய்து வையுங்கள் என்று என் மனைவி ஆறு மாதமாக நச்சரிக்கிறாள்.

இருவருக்கும் தத்துவம்தான் பிழைப்பு. நான் நிரந்தரம், அவளுக்கு மணிக்கணக்கில் சம்பளம். பகுப்பாய்வுத் தத்துவத்தில் இது பழைய வழக்கு: இல்லாத ஒன்றைப் பற்றிச் சொன்னால் அந்த வாக்கியம் பொய்யா? பொய்தான் என்றார் ஒரு பெரியவர், வாக்கியத்தை அக்கக்காகப் பிரித்துக் காட்டி. மெய்யுமில்லை பொய்யுமில்லை, அந்தக் கேள்வியே எழாது என்றார் பின்னால் வந்தவர். பதினாறு வருஷமாக வகுப்பில் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். இவள் மூன்றாவதாக ஒரு வழி போட்டுவிட்டாள், பதினெட்டே பக்கத்தில்.

தெரிந்தவர் கட்டுரை என்றால் மதிப்பிடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. நான் அனுப்பவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. வயிறு எரிந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன்; என் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே இதை யோசித்திருக்கிறாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. எப்படியோ ஓர் எதிர் உதாரணத்தை ஜோடித்து, 'ஏற்கத்தக்கதல்ல' என்று அனுப்பினேன். கட்டுரை ஏற்கப்பட்டால்தான் வியாழக்கிழமை நேர்காணலில் அவளுக்கு நிரந்தர வேலை. அதுவும் எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தர் பிரமாதம்ங்கறார். இன்னொருத்தர் வேண்டவே வேண்டாம்ங்கறார். அவருக்குப் பதில் எழுதுன்னு இதழாசிரியர் சொல்றார். வியாழக்கிழமைக்குள்ள ஒண்ணும் முடிவாகாது."

"அடடா," என்றேன்.

"ஊமைக்கிளி பாடுதுன்னு ஒரு எதிர் உதாரணம் குடுத்திருக்கார்." நிமிர்ந்து பார்த்தாள். "போன வருஷம் உங்களுக்குக் காய்ச்சல்னு நான் போய் உங்க வகுப்பை எடுத்தேனே. உங்க குறிப்புல இருந்த அதே கிளி."

நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்தேன்.

"உட்காருங்க. முதல் வரி எழுதிட்டேன்." திரையை என் பக்கம் திருப்பினாள்.

'மதிப்பீட்டாளரின் எதிர் உதாரணம் அழகானது, ஆனால் தவறானது.'

அவள் விரல் அழிக்கும் விசையின் மேல் இருந்தது.

"'அழகானது'ங்கறது இருக்கட்டுமா, எடுத்துடவா?"