பல் டாக்டரின் நான்காவது தேர்தல்

அந்தச் சட்டமன்றத் தொகுதியில் மூன்று முறை நின்று மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவர் என்ற பெருமை பல் டாக்டர் ஒருவருக்குத்தான் உண்டு. "கவ்வினாலும் நல்லாத்தான் கவ்வறாரு, பல் டாக்டராச்சே" என்று டீக்கடையில் அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதிலும் இவர் பிழைப்பே ஊர் வாயைத் திறந்து பார்ப்பதுதான்.

மனிதன் என்றால் ஒரு ஆசை இருக்கத்தானே செய்யும்? இவருடைய ஆசை ஓர் ஆணியின் மேல் இருந்தது. பொதுக்கூடத்தின் உள்சுவரில், இதுவரை அந்தத் தொகுதி தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் படங்களை வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். கடைசிப் படத்துக்குப் பக்கத்தில் அடுத்தவருக்காக ஓர் ஆணியும் அடித்திருக்கிறார்கள். "ஒரு நாளாவது அந்த ஆணியில நான் தொங்கணும்" என்று டாக்டர் சொல்லும்போது புதிதாகக் கேட்பவர்களுக்குப் பகீரென்று இருக்கும். "அவரு போட்டோவைச் சொல்றாருங்க" என்று மனைவி அவசரமாக விளக்கம் கொடுப்பாள்.

டாக்டர் அந்த ஊர்க்காரர் இல்லை, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் வீட்டு முன்னறையிலேயே நாற்காலியைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கிவிட்டார். தொகுதி முழுவதற்கும் அவர் ஒருவர்தான் பல் டாக்டர். கை என்றால் அப்படி ஒரு கை! பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்ட பிறகும், "எப்போ பிடுங்குவீங்க?" என்று நடுங்கிக்கொண்டு கேட்டவர்கள் உண்டு.

இவ்வளவு நல்ல பேர் வாங்கிய ஆள் ஏன் தோற்றார்? அதுதான் அவருக்கே விளங்கவில்லை. பிரசாரத்துக்காக அவர் தெருவில் இறங்கியதே கிடையாது. ஆளை நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் கண்ணாடியையும் கொக்கியையும் விட்டபடி, "என்ன, ஓட்டு எனக்குத்தானே?" என்பார். "ஆ..." என்பார்கள். வாயில் இரும்பை வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வது? அத்தனை 'ஆ'வையும் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, வெற்றி உரையெல்லாம் எழுதி மனப்பாடம் செய்துவிடுவார். பெட்டியைத் திறந்து எண்ணும்போதுதான், அதெல்லாம் வாய் வலித்த சத்தம் என்று தெரியவரும்.

நான்காவது முறையும் மனுப் போட்டார். எதிரே நின்றவருக்குப் பட்டப்பெயர் மைக். கடைத் திறப்பு விழாவானாலும் சரி, குழந்தையின் பிறந்தநாளானாலும் சரி, மைக்கைப் பிடித்தால் கரண்டு போகிறவரை விடமாட்டார். கரண்டு போனால்தான் என்ன, தொண்டை இருக்கிறதே! இப்பேர்ப்பட்ட ஆளிடமா தோற்கப் போகிறோம் என்று டாக்டருக்குத் தைரியம் வந்துவிட்டது. முன்கூட்டியே தன் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு, ஆணிக்கு அளவு பார்க்க மனைவியோடு பொதுக்கூடத்துக்குப் போனார்.

"பாரு, ஒவ்வொருத்தரும் எப்பேர்ப்பட்ட மனுஷங்க! முகத்துலயே தெரியுது" என்று படங்களைப் பார்த்து உருகினார்.

மனைவி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னங்க, இத்தனை வருஷத்துல உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்லணும்?"

"இதோ இவருதான் முதல் உறுப்பினர். விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஊதுகுழல் பழகுவாரு. நாலு தெருவுக்குத் தூக்கம் போச்சு. சொல்லியும் கேக்கல. கடைசியில எல்லாருமா சேர்ந்து சட்டசபைக்கு அனுப்பிட்டாங்க. அன்னியிலேருந்து ஊரே நிம்மதியாத் தூங்குச்சு. அந்த ருசி விடுமா? அடுத்தவரு ஏணி. யார் வீட்டு ஏணியை வாங்கினாலும் திருப்பித் தரமாட்டாரு. அவரு கிளம்பின அன்னிக்கு அவரு வீட்டுக் கொல்லையிலேருந்து ஆளுக்கொரு ஏணியைத் தூக்கிட்டு வரிசையாப் போனாங்களாம்."

டாக்டர் மூன்றாவது படத்தைக் காட்டினார். "இந்த அம்மாகிட்ட நான் ரெண்டு தடவை தோத்திருக்கேனே!"

"யோசனை அக்கா. அடுத்தவங்க அடுப்படிக்குள்ள நுழைஞ்சு, மூடியைத் திறந்து பார்த்து, உப்பு பத்தலைம்பாங்க. போன தடவை உங்களைத் தோக்கடிச்சவரு வழக்கு. பக்கத்து வீட்டு மரத்து இலை தன் வாசல்ல விழுந்துச்சுன்னு கோர்ட்டுக்குப் போனவரு. இந்தத் தொகுதியோட சரித்திரமே இவ்வளவுதாங்க. வேணுங்கறவங்களை வீட்ல வெச்சுப்போம். தாங்க முடியாதவங்களைத் தலைநகருக்கு அனுப்பிடுவோம். போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்லை. அங்கேயே வீடு பார்த்துத் தங்கிடுவாங்க. நாங்களும் தேடினதில்லை."

டாக்டர் தன் படத்தைப் பெஞ்சில் வைத்தார். "அப்போ என்னைத் தோக்கடிச்சது..."

"பாசங்க! நீங்க போயிட்டா இந்தத் தொகுதியே கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

வேறு யாராக இருந்தாலும் இந்த ஒரு வார்த்தைக்கே நெஞ்சு குளிர்ந்து, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆசை யாரை விட்டது? நம் டாக்டர் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்லவனாக இருந்தால் ஓட்டு விழாது, அவ்வளவுதானே? மைக்கை விடப் பெரிய தொல்லையாகிவிட்டால் போயிற்று!

மறுநாளே ஆரம்பித்தார். டீக்கடையில் நின்றுகொண்டு, டம்ளரை எடுத்த ஒவ்வொருவரிடமும் சர்க்கரை செய்கிற கெடுதலைப் பற்றி டீ ஆறிப் போகிறவரை பேசினார். போகிற வருகிறவர்களை நிறுத்தி, "எங்கே, ஆ காட்டுங்க" என்றார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் வாயைப் பார்த்துவிட்டு, "கடைவாயில ரெண்டு ஆட்டம் காணுது, அவசரப்படாதீங்க" என்று பெண்ணின் அப்பாவிடம் காதோடு சொன்னார். சின்னப் பிள்ளைகள் கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கினார். நாற்காலியில் ஆளைச் சாய்த்துவிட்டால், பல்லைக் குடைகிற மிஷினுக்குச் சமமாகக் குரலெழுப்பிப் பாட்டு வேறு பாடினார். சுருதி, தாளம் இரண்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

வீட்டையாவது விட்டாரா? பழக்கம் விட்டுப் போய்விடக் கூடாதென்று அங்கேயும் பயிற்சி எடுத்தார். மாமனார் சாப்பிட உட்கார்ந்தால், "முப்பத்திரண்டு தடவை மெல்லுங்க மாமா" என்று பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். மாமனார் இரண்டே நாளில் கஞ்சிக்கு மாறிவிட்டார். கஞ்சியையும் மெல்லச் சொன்னார் மாப்பிள்ளை.

"போதுங்க, விட்டுடுங்க" என்றாள் மனைவி.

"வாயைத் திறக்கும்போது பார்த்தேன், உனக்குக்கூட ஈறு சரியில்லை" என்றார் டாக்டர். அதற்கப்புறம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

தொகுதியில் வேறு பேச்சே இல்லை. "மைக் பரவாயில்லைப்பா, காதை மட்டும்தான் தின்பாரு. இவரு வாய்க்குள்ளேயே கையை விடறாரே!" என்று தெருவுக்குத் தெரு புலம்பினார்கள். வாக்குப்பதிவு நாளில் கைத்தடியோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், வழக்கமாக வீட்டில் படுத்துத் தூங்குகிறவர்கள் என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அந்தத் தொகுதி அதுவரை காணாத கூட்டம். எண்ணிப் பார்த்தபோது, மைக்கை எங்கோ பின்னால் தள்ளிவிட்டு டாக்டர் ஜெயித்திருந்தார்.

மனப்பாடம் செய்த உரையைக் கடைசியில் ஒருவழியாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஊரே நிற்கிறது. டாக்டருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் ஒருவர் கையில் அவருடைய பெட்டி இருந்தது. இன்னொருவர் அதில் அவருடைய சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "காலையில முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு டாக்டர், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்றார் டீக்கடைக்காரர். முன்னறையில் புதிதாக வந்த பல் டாக்டர் அம்மா ஒருத்தி, அவருடைய நாற்காலியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை ரொம்ப இதமாம். வாயே திறக்கமாட்டாங்களாம்" என்று கூட்டத்தில் ஒருவர் ஆனந்தமாகச் சொன்னார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாகிவிட்டதே! போனவர்கள் யாரும் திரும்பியதில்லை, யாரும் தேடியதுமில்லை என்று மனைவி சொன்னது அப்போதுதான் டாக்டரின் காதில் சரியாக விழுந்தது. மாமனார் வேறு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மைக் வந்து சேர்ந்தார். தோற்ற வருத்தம் தொண்டையைத் தொடவில்லை.

"வாழ்த்துகள் டாக்டர்! ஒரே ஒரு சந்தேகம். உங்க பூத்துல ஒரு ஓட்டைத் தவிர அத்தனையும் உங்களுக்கு. எனக்கு விழுந்தது ஒண்ணே ஒண்ணு. இந்தத் தெருவுலயே என் பேச்சைக் கேட்டு உருகின அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா, நேர்ல பார்த்து நாலு வார்த்தை பேசணும்."

டாக்டரின் மனைவி சட்டென்று அடுப்படிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டர் அந்தக் கதவைப் பார்த்தார். மைக்கை மாமனாரிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"பின்னே? ஊருக்கு நீங்க வேண்டாதவராயிட்டீங்க. அதுக்கு நான் என்ன பண்றது?" பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "நாலு தடவையும் உங்களுக்குப் போடலை, போதுமா? மூணு தடவை ஊரோட சேர்ந்து போடலை. இந்தத் தடவை தனியாப் போடலை."

"அவ்வளவு பாட்டுப் பாடினதுக்கு அப்புறமுமா?"

"காதுல பஞ்சு வெச்சிருந்தேன்."

டாக்டருக்கு அழுகை வந்துவிட்டது. ஆணியில் தொங்கப் போகிற மனிதர், அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். "நான் திரும்பி வந்துடறேன். சத்தியமா வந்துடறேன்" என்றார்.

"வராம எங்கே போவீங்க? அஞ்சு வருஷம் இருங்க. வந்து மறுபடி நில்லுங்க. நின்னு தோத்துட்டு வீட்ல இருங்க." முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "தோக்கறதுக்கு உங்களுக்கு யாராவது சொல்லித் தரணுமா என்ன?"