முதலில் ஓடுகிறவன்

அந்த அழைப்பு வந்தபோது கிருபாகரன் புதுப்பட்டினம் கடற்கரையில் ஓடி முடித்துவிட்டு, மணலில் உட்கார்ந்து முட்டிக்குக் கட்டியிருந்த பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பேசியவர் கேசவன். சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தின் ஹாக்கி அணிக்கு மேனேஜர். வியாழக்கிழமை தொடங்கி மூன்று நாள் செலக்‌ஷன் என்றார். இந்த முறை இரண்டு வருட ஒப்பந்தம். நன்றாக ஆடினால் அதற்கப்புறம் நிரந்தர வேலைக்கும் பெயர் போகலாம் என்று மேலே பேசிக்கொள்கிறார்களாம்.

“எங்ககிட்ட ஃபர்ஸ்ட் ரஷர் இல்ல கிருபா. அதுக்குத்தான் உன்னக் கூப்புடறேன்” என்றார்.

வருகிறேன் சார் என்று சொல்லி ஃபோனை வைத்தான். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஓடி வந்த வேர்வை காய்ந்த பிறகும் உள்ளங்கை மட்டும் ஈரமாகவே இருந்தது.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு. செங்கல்பட்டில் எட்டாவது படிக்கும்போது பள்ளி மைதானத்தில் ஹாக்கி மட்டையைத் தொட்டவன். அப்பா ஆபிரகாம் பல வருடம் கூலிக்கு அறுப்பு அறுத்துவிட்டு, பிறகு பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றில் வாட்ச்மேனாகச் சேர்ந்தவர். விளையாடினால் மகனுக்கு அரசாங்க வேலை கிடைக்கும் என்று பி.டி. மாஸ்டர் சொன்னதை அப்படியே நம்பினார். மாஸ்டர் சொன்னது பொய்யில்லை. கிருபாகரனோடு ஆடியவர்களில் நாலு பேர் ரயில்வேயில் இருக்கிறார்கள். அவனுக்குத்தான் அமையவில்லை. தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த சான்றிதழ் கேட்டார்கள். அவன் ஆடிய அணி இரண்டு தடவை நான்காவதாக வந்தது.

பதினோரு வருடத்தில் ஆறு அணிகள். சென்னையில் இரண்டு, பெங்களூரு, மும்பை, ஜலந்தர், கடைசியாகத் திரும்பவும் பெங்களூருவில் வேறொன்று. எல்லாமே பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் வீட்டில் உட்கார்ந்து ஃபோன் மணி அடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் தடுப்பாட்டக்காரன். கோல் போடுகிறவனின் பெயர்தான் பேப்பரில் வரும். அவனை எல்லோரும் கூப்பிட்டது ஒரே ஒரு காரியத்துக்காக.

பெனால்டி கார்னர் கிடைத்தால் எதிரணியில் ஒருவன் பந்தை, கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் அரைவட்ட வளைவின் விளிம்புக்குத் தள்ளுவான். இன்னொருவன் அதை நிறுத்த, மூன்றாமவன் மட்டையால் சுழற்றி கோலை நோக்கி எறிவான். கல்லு மாதிரியான பந்து, பஸ்ஸை விட வேகமாக வரும். கோல் கோட்டில் கீப்பரோடு ஐந்து பேர் நிற்பார்கள். பந்து தள்ளப்பட்ட கணத்தில் ஒருவன் மட்டும் எறிகிறவனை நோக்கி நேராக ஓட வேண்டும். பந்து வரும் வழியில் தன் உடம்பை வைக்க வேண்டும். முகத்துக்கு முகமூடி, முட்டிக்குக் கவசம், அவ்வளவுதான் பாதுகாப்பு. அப்படி முதலில் ஓடுகிறவன்தான் ஃபர்ஸ்ட் ரஷர். பதினோரு வருடம் கிருபாகரன் யோசிக்காமல் ஓடினான். விலா எலும்பு ஒன்று உடைந்தது, இரண்டு விரல் கோணியது. அதைப் பற்றி அவன் பெரிதாக நினைத்ததே இல்லை.

பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த காலிறுதியில்தான் அது நிகழ்ந்தது. அவனுக்கு நேர் பின்னால் கோல்கம்பத்தை ஒட்டி பாலா நின்றிருந்தான். பாலா திருப்போரூர்க்காரன். இரண்டு வருடமாக ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டவன். பந்து தள்ளப்பட்டதும் கிருபாகரன் ஓடினான். எறிகிறவனின் தோள் இறங்கியதைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவன் கால் அவனைக் கேட்காமல் இடப்பக்கம் போனது. அரை அடிதான் இருக்கும். அவன் இடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் பந்து போய் பாலாவின் முகத்தில் அடித்தது. முகமூடி இரண்டாகப் பிளந்தது.

பாலாவுக்கு இடது கண்ணுக்குக் கீழே எலும்பு நொறுங்கி இரண்டு ஆபரேஷன் நடந்தது. இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிகிறது. இனி ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிருபாகரனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரம் சரியில்லை, அவ்வளவுதான் என்றார் பயிற்சியாளர். பாலாவே இரண்டு நாளைக்கு ஒருமுறை ஃபோன் செய்து நலம் விசாரித்தான். சில நாள் கிருபாகரன் மணி அடித்து ஓயட்டும் என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கேசவன் பேசிய அன்று சாயங்காலம் மனைவியின் தம்பி ஜான்சனைக் கடற்கரைக்கு அழைத்துப்போனான். ஜான்சன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுகிறவன். பத்தடி தள்ளி நின்று டென்னிஸ் பந்தை மட்டையால் தன்மேல் அடிக்கச் சொன்னான் கிருபாகரன். டென்னிஸ் பந்து பட்டால் தடிப்புகூட வராது. ஜான்சன் மூன்று தடவை அடித்தான். மூன்று தடவையும் கிருபாகரனின் கால் விலகியது.

“இன்னா மாமா, வுட்டு வுட்டு ஓடற? புது டெக்னிக்கா?” என்று ஜான்சன் கேட்டான்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு, கிருபாகரன் பந்தைத் தேடுகிறவன் போல அலைப்பக்கம் போனான்.

ஜெனிட்டாவிடம் மறைக்க முடியவில்லை. அவள் கல்பாக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் காலை மகள் சிநேகாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தவள், அவன் தட்டில் இட்லி அப்படியே இருப்பதைப் பார்த்து எதிரில் உட்கார்ந்தாள்.

“மூணு மாசமா பாத்துகினுதான் கீறேன். வண்டில போறப்போ எதுர்ல பஸ் வந்தா ஓரங்கட்டி நிறுத்திடற. தூக்கத்துல காலை ஒதறற. இன்னா ஆச்சு உனுக்கு?”

அவன் சொன்னான். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முடித்ததும் ஜெனிட்டா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பாலாண்ணனுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றான். சொல்லாமல் செலக்‌ஷனுக்குப் போகாதே என்றாள் அவள். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்துத் திருப்போரூர் போனான். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை. பாலா ஒரு மனை விற்கும் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வருகிறவர்களுக்கு லேஅவுட் படத்தைக் காட்டுவது வேலை. இடது கண்ணுக்குக் கறுப்பு ஒட்டுப் போட்டிருந்தான். கிருபாகரனைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் கை போட்டு எதிர் டீக்கடைக்கு அழைத்துப்போனான். அம்மா அமிர்தவல்லி மீன் வாங்கியிருக்கிறார், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றான்.

டீ வருவதற்குள் கிருபாகரன் சொல்லிவிட்டான். அன்றைக்கு நான் நேராக ஓடவில்லை, ஒதுங்கிவிட்டேன் என்றான். சொல்லும்போது பாலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடை வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

பாலா டீயை வாங்கி அவன் கையில் கொடுத்தான். “நான் உனுக்குப் பின்னாடிதான மச்சான் நின்னுகினு இருந்தேன். உன் கால் போனத நான் பாக்கலன்னு நெனச்சியா?”

கிருபாகரன் டீயைப் பெஞ்சில் வைத்தான். அப்புறம் எதற்காக விடாமல் ஃபோன் செய்தாய் என்று கேட்டான்.

“நீயா சொல்லுவேன்னுதான். கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். நைட்டு படுத்தா வரும். ஆனா உங்கூடப் பேசாம இருந்தா அத வுட பேஜாரா கீது.”

கிருபாகரன் செலக்‌ஷன் விஷயத்தையும் சொன்னான். பாலா டீயைக் குடித்து முடித்தான். பிறகு, “ஓடறதும் ஓடாததும் உன் இஷ்டம். ஆனா உனுக்குப் பின்னாடி எவனோ ஒருத்தன் நிப்பான் மச்சான்” என்றான். வீட்டில் அமிர்தவல்லி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுக் கிருபாகரன் கிளம்பினான்.

வியாழன் முழுக்க ஓட்டமும் பாஸும்தான். கிருபாகரன் நன்றாகவே ஆடினான். மற்றவர்கள் அவனுக்குப் பழக்கப்பட்ட முகங்கள், பழைய கதைகளைப் பேசிச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கேசவனிடம் தனியாகப் பேச இரண்டு தடவை பக்கத்தில் போய், இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினான். நிரந்தர வேலை என்ற சொல்தான் அவனைத் திருப்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பெனால்டி கார்னர். அவனைக் கோட்டில் முதல் இடத்தில் நிறுத்தினார்கள். பின்னால் கம்பத்தை ஒட்டி மதுராந்தகத்துக் கலைவாணன் வந்து நின்றான். போன மாதம்தான் கல்யாணம் ஆனவன், நேற்று மத்தியானம் எல்லோருக்கும் ஃபோட்டோ காட்டினான். கிருபாகரன் முகமூடியை மாட்டினான். உள்ளே தன் மூச்சு தனக்கே சத்தமாகக் கேட்டது. எதிரில் எறிகிறவன் மட்டையைத் தரையில் தட்டிப் பார்த்தான். கிருபாகரன் திரும்பி ஒருமுறை கலைவாணனைப் பார்த்தான். பிறகு கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, முகமூடியைக் கழற்றிக்கொண்டு கோட்டை விட்டு வெளியே நடந்தான்.

கேசவனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இத ஏம்பா எங்கிட்ட வந்து சொல்ற? பயத்த வெச்சுகினே எத்தினி பேர் ஆடறான்.”

“ஒரு தடவ ஒதுங்கி, பின்னாடி நின்னவன் மேல பட்டுடுச்சு சார்.”

அப்படியென்றால் உன்னை எதற்கு எடுப்பது என்று அவர் கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டார். கிருபாகரன் பின்னால் கம்பத்தில் நிற்கிறேன் என்றான். வேண்டுமென்றால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுங்கள் என்றான். கேசவன் கொஞ்சம் யோசித்து, கலைவாணனை முன்னால் வரச் சொன்னார்.

கம்பத்தை ஒட்டி நிற்பதும் சுலபமில்லை. ஆனால் அங்கே அவனுக்குப் பின்னால் வலை மட்டும்தான் இருந்தது. கால் எங்கும் போகவில்லை. எட்டு கார்னரில் இரண்டு பந்து அவனிடம் வந்தது. ஒன்றை மட்டையால் நிறுத்தினான். இன்னொன்று தொடையில் பட்டு, ஊன்றி நடக்கவே கால்மணி நேரமானது.

பட்டியல் திங்கட்கிழமை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தத்தில் அவன் பெயர் இல்லை. கீழே மாற்று ஆட்டக்காரர்கள் நாலு பேரில் மூன்றாவதாக இருந்தது, பதினோரு மாதத்துக்கு. ஜெனிட்டா அதை இரண்டு தடவை படித்தாள். சரி, சென்னைதானே, வாரம் ஒரு நாள் வந்துபோகலாம் என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய் ரொம்ப நேரம் பாத்திரம் தேய்த்தாள். ஆபிரகாம் ஃபோனில் நிரந்தரம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லைப்பா, ஆனால் எடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னான். அவர் ஸ்தோத்திரம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இந்தத் தடவை அவனே பாலாவுக்கு ஃபோன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அம்மாவால் அலைய முடியவில்லை, கூட வருகிறாயா என்று பாலா கேட்டான்.

புதன்கிழமை இருவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்வதாக இருந்தார்கள். பாலாவின் ஸ்கேன் உறை கிருபாகரன் மடியில் இருந்தது. உள்ளேயிருந்து டோக்கன் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள். அவர்களுடையது ஐம்பத்து மூன்று. பாலா சுவரில் தலையைச் சாய்த்து நல்ல கண்ணையும் மூடிக்கொண்டான். கூப்பிட்டால் சொல்லு என்றான்.