ஒன்று புள்ளி இரண்டு மீட்டர்

கடலோர ஊரான தலிம்பாயனின் நகராட்சித் திட்ட அலுவலர் செனைடா செய்தது ஊரில் யாரும் செய்யாத தப்பு ஒன்றும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் மாகாணத் தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது: இரண்டே வாரத்தில் ஒவ்வொரு ஊரும் தன் பருவநிலைத் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு கோழிக்கூண்டு கட்டி முடிக்க முடியுமா? எல்லா ஊர்க்காரர்களும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். பக்கத்து ஊர் மலிபாத்தின் திட்டத்தை வாங்கி, மலிபாத் என்று இருந்த இடத்திலெல்லாம் தலிம்பாயன் என்று மாற்றி, அட்டையில் மேயரின் சிரித்த முகத்தைப் போட்டு அனுப்பிவிட்டாள். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'புயலின்போது கடல் ஏறும் உயரம் 1.2 மீட்டர்' என்று இருந்தது. அதுவும் கூடவே வந்தது. அதை நம்பித்தான் கடற்கரைச் சாலையில் ஒன்றரை மீட்டர் மேடை எழுப்பி, மக்கள் ஒதுங்கப் புயல் கூடம் கட்டினார்கள்.

திட்டம் நன்றாக இருக்கிறது என்று மாகாணம் பாராட்டியது. அந்தப் பாராட்டில்தான் வேலை பார்ப்பவர்களுக்கான தொலைதூர முதுகலைப் படிப்புக்கு, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் படிப்புக்கு, மேயர் அவள் பெயரைச் சிபாரிசு செய்தார். ஒரே நிபந்தனை: படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம் நகராட்சியை விட்டுப் போகக்கூடாது. கணவன் சரக்குக் கப்பலில், மகன் ரிக்கோ நாலாம் வகுப்பில். அவள் எங்கே போகப் போகிறாள்? சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை தோறும் காலையில் காலி அலுவலகத்தில் உட்கார்ந்து கணினித் திரையில் வகுப்புக் கேட்பாள். இரண்டாம் பருவத்தில் பேராசிரியை சொகோரோ ஒரு பயிற்சி கொடுத்தார். "உங்க ஊர்த் திட்டத்துல ஒரே ஒரு எண்ண எடுத்துக்குங்க. அது எங்கேருந்து வந்துச்சுன்னு நடந்து போய்க் கண்டுபிடிங்க. நாற்காலில உக்காந்துகிட்டுக் கண்டுபிடிக்கக் கூடாது, தெரியுதா?"

செனைடா அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, கூடத்துக்குப் பக்கத்து மீன்கடை பாசிங்கிடம் போனாள். பாசிங்குக்கு வாய் ஊர் முழுக்க நீளும்.

"முன்ன வந்த பெரிய புயல்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாசிங்?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா மேடத்துக்கு? வா, காட்டுறேன்." மாடிப்படியில் ஏறி, சுவரில் பழுப்பாக ஓடிய சேற்றுக்கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "சுண்ணாம்பு மூணு தடவ அடிச்சாச்சு. போவேனாங்குது."

செனைடா அளந்தாள். மூன்று மீட்டர் அறுபது. நாடாவைக் கோணலாகப் பிடித்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தாள். அதே அறுபது. கூடத்து மேடை ஒன்றரை மீட்டர்தான் என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

அன்றைக்கே மலிபாத் திட்ட அலுவலர் டெமெட்ரியோவுக்குப் போன் போட்டாள். அவனும் அதே வகுப்பில் படிக்கிறவன்தான்.

"அந்த ஒன்னு புள்ளி ரெண்ட நீங்க எங்க வெச்சு அளந்தீங்க?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அளந்தோமா? நாங்க வேற ஊருலேருந்துல்ல எடுத்தோம்! அவங்க எங்கேருந்து எடுத்தாங்களோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஏன் செனைடா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அவள் போனை வைத்துவிட்டாள். மலிபாத்துக்கு என்ன, குன்றின் மேல் ஊர். அவர்களுக்கு எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுதான். தலிம்பாயனில் கூடத்தை நம்பி எழுபது குடும்பம் இருக்கிறது.

மேயர்தான் அவள் மகன் ரிக்கோவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன். அந்த உரிமையில் நேரே அவர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"கூடத்த இடிக்கச் சொல்றியாம்மா?"

"இடிக்க வேணாம் சார். புயல் வந்தா அங்க யாரையும் ஏத்தாதீங்க. மலைமேல கன்னிமடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

"கூடத்து நெத்தியில எம்பேரு எழுதியிருக்கு. புயலுக்கு ஆகாத புயல் கூடம்னு ஊரே சிரிக்கும். பயிற்சிக்கு வேற ஊர எழுது, உனக்கும் மார்க் வரும். எதுக்கு வீண் வம்பு?"

அவள் வேறு ஊரை எழுதவில்லை. அளந்ததையும் காப்பியடித்ததையும் அப்படியே எழுதி அனுப்பினாள். பேராசிரியை உச்ச மதிப்பெண் போட்டு, 'உங்கள் நேர்மை மற்றவர்களுக்குப் பாடம்' என்று குறிப்பும் எழுதினார். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு ஊரில் யாரையும் அரை அடி நகர்த்த முடியவில்லை.

அக்டோபரில், ஐந்து வரை போகும் புயல் எச்சரிக்கையில் மூன்றாம் எண் ஏறியது. செனைடா மேயர் முன்னால் போய் நின்று லாரி கேட்டாள். அவர் வெள்ளைத்தாளை நீட்டினார்.

"தப்பு முழுக்க என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அஞ்சு லாரி அனுப்புறேன்."

"என்னோடது மட்டுமா சார்? மாகாணத்துல படிச்சுப் பாத்துத்தானே..."

"காத்து கெளம்பிருச்சும்மா. பேச நேரமில்ல."

எழுதினாள். போட்டாள். அஞ்சு லாரி வந்தது. கிழவிகளையும் பன்றிகளையும் டிவிப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஊரே மலையேறியது. அன்று மத்தியானம் புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது. கூடத்து வாசலில் ஒரு சொட்டுக் கடல்நீர் இல்லை. இறங்கி வந்தவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மேடத்துக்குப் படிப்பு முத்திப்போச்சுடோய்!"

"அடுத்த தடவ எம் பன்னிய நீயே தூக்கிட்டுப் போ, ஆமா!"

அவள் எழுதிக் கொடுத்த தாள் விசாரணைக்குப் போனது. சிபாரிசு ரத்தானது, படிப்பும் அதோடு போனது. ஐந்து வருட நிபந்தனை மட்டும் போகவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்குக் குமாஸ்தாவாக மாற்றினார்கள். அவள் நாற்காலியில் மேயரின் அக்கா மகன் வந்து உட்கார்ந்தான். நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருத்துங்கள் என்று மூன்று மனு எழுதினாள். திருத்தத்தைத் திட்ட அலுவலர்தான் முன்மொழிய வேண்டும் என்று மூன்றும் திரும்பி வந்தன. திட்ட அலுவலரோ, அங்கீகாரம் வாங்கிய எண்ணில் கை வைக்க மாட்டேன் என்றான். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

நவம்பர் கடைசியில் நான்காம் எண் ஏறியது. இந்த முறை கடல் ஏறும் என்றும் வானொலி சொன்னது. புயல் நாளில் கூடத்துக்குள் வருகிறவர்களின் பெயரை எழுதுவது பதிவுப் பிரிவின் வேலை. காலை எட்டு மணிக்கே வாசலில் மேசை போட்டு அவளை உட்காரவைத்துவிட்டார்கள். முந்தின நாள் அவள் மாகாணத்துக்குப் போட்ட போன் மூன்றையும் யாரும் எடுக்கவில்லை.

"பேரு?"

"லூஸ்விமிண்டா. அஞ்சு பேரு."

"கூடத்துல தங்காதீங்கக்கா. மேல கன்னிமடத்துக்குப் போங்க, நான் கெஞ்சிக் கேக்குறேன்."

"போன தடவயும் இதத்தானே சொன்ன? எழுது, எழுது. உள்ள சோறு ஆறுது."

ஒவ்வொருவரிடமும் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் பாவம் என்று பார்த்தார்கள். பதினோரு பேர் மட்டும் கன்னிமடத்துப் பக்கம் திரும்பினார்கள். பாசிங் தன் மூன்று சக்கர வண்டியைச் சாலையில் நிறுத்தி, மீன்கூடைகளைத் தள்ளி இடம் பண்ணினாள். வீட்டிலிருந்து ரிக்கோவை அழைத்து வந்து ஏற்கெனவே வண்டிக்குள் உட்காரவைத்திருந்தாள்.

"சோறு கன்னிமடத்துலயும் போடுவாங்க. நீயும் ஏறுடி! வேல கெடக்குது வேல!"

"அம்மா, வா!" ரிக்கோ கையை நீட்டினான்.

வேலைக்காக அவள் நிற்கவில்லை. வேலையைப் பற்றி அவளுக்கு இனி என்ன பயம்? உள்ளே முந்நூற்று நாற்பது பேர் சோற்றுக்கு வரிசையில் நின்றார்கள், குழந்தைகள் புது மேடையில் ஓடிப் பிடித்து விளையாடின. அத்தனை பேரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது அவள் நகலெடுத்த எண். தண்ணீர் வந்தால் கூரைக்கு ஏற வழி காட்ட ஓர் ஆளாவது வேண்டும். மகனின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து, வண்டியைத் தட்டினாள். "போ பாசிங், நிக்காத!"

அலை சாலையைத் தாண்டி முதல் படியைத் தொட்டது. காவலாளி சங்கிலியோடு வந்தான். "கதவச் சாத்திப் பூட்டட்டுமாக்கா?"

செனைடா பதிவேட்டைத் திருப்பி, முந்நூற்று நாற்பத்தொன்றாவதாகத் தன் பெயரை எழுதினாள்.

"பூட்டாத," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.