சிவப்புக் காரின் குமட்டல்

சசிதரின் கார் முதல் தடவை வாந்தி எடுத்தது காந்திபுரம் சிக்னலில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. முன்னால் இரண்டு டவுன் பஸ்களும் பக்கத்தில் ஒரு குட்டியானை லோடு வண்டியும் நின்றிருந்தன. கார் மூன்று முறை விக்கியது. பானெட்டில் முத்து முத்தாக வேர்த்தது. பிறகு முன்பம்பருக்கு நடுவே காற்றுப் போக வைத்திருந்த வலை வழியாக ஒரு குடம் அளவுக்குக் கொட்டியது. ரவா பொங்கல், முந்திரி, பாதி அரைபட்ட மெதுவடை, மேலே மிதந்த நெய். புளித்த மோரும் பெட்ரோலும் கலந்த நாற்றத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டார்கள். சசிதர் இறங்கிப் பார்த்தார். முந்தின நாள் தன் வீட்டில் செய்த டிபன் அது என்று பார்த்தவுடன் தெரிந்தது. காருக்குள் அவர் ஒரு தண்ணீர் பாட்டில்கூட வைத்திருக்கவில்லை.

கணபதியில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் குடும்பம் அது. ஐந்நூற்று எழுபது குதிரைசக்தி உள்ள அந்தச் சிவப்புக் காரை சசிதர் ஒன்றரை வருஷம் காத்திருந்து வாங்கியிருந்தார். பெங்களூரிலிருந்து கம்பெனி இன்ஜினியர்கள் லேப்டாப்போடு வந்து இரண்டு நாள் சோதித்து, கோளாறு ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியது பொய்யில்லை. இன்ஜின் தங்கமாக இருந்தது. கணபதி மாட்டு டாக்டரையும் கூட்டிவந்து காட்டினார்கள். அசைபோடாத மாட்டுக்குக் கொடுக்கிற பொடியை ரேடியேட்டரில் கரைத்து ஊற்றச் சொன்னார். ஊற்றியதில் அடுத்த வாந்திக்கு நுரையும் சேர்ந்தது. போகப் போக ஒன்று மட்டும் தெளிவானது. நாற்பதுக்குக் கீழே பத்து நிமிஷம் ஓட்டினால் அதற்குக் குமட்டும். எண்பதுக்கு மேலே போனால் அதைப் போல் ஒரு வண்டி கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. வாந்தி எடுத்துவிட்டால், யாராவது வலைக்குள் கைவிட்டு ஒரு பருக்கைகூட இல்லாமல் கழுவும்வரை ஸ்டார்ட் ஆகாது. வெள்ளிக்கிழமை கூட்டுப் பொரியலும், திங்கட்கிழமை மீன் குழம்பும், கல்யாண விருந்துக்கு மறுநாள் மூன்று வகை இனிப்புமாக அது எடுத்துக்கொண்டே இருந்தது. முதலில் டிரைவர் வேலையை விட்டுப் போனார். பிறகு ஊருக்குள் இருந்த வாட்டர் சர்வீஸ்காரர்கள் ஒவ்வொருவராக, கேட்டைச் சாத்திக்கொண்டே கும்பிட்டார்கள்.

கடைசியில் ரெக்கவரி வண்டியில் ஏற்றி, சோமனூர் ரோட்டில் இருந்த அன்புக்கரசியின் வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுவந்தார்கள். அன்புக்கரசிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். அவளுடைய அப்பா அங்கப்பனும் அம்மா காளியாத்தாளும் சசிதர் குடும்பத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் பண்ணையத்தில் இருந்தவர்கள். சசிதருக்கு அவளைச் சிறுபிள்ளையிலிருந்து தெரியும். அதனால்தான் மற்ற எல்லாரும் மறுத்துவிட்ட வேலையை அவளிடம் கேட்க அவருக்குக் கூச்சமாக இல்லை. அவள் மூக்கில் கற்பூரம் வைத்த துண்டைக் கட்டிக்கொண்டு, வலைக்குள் முழங்கைவரை விட்டு, வெதுவெதுப்பாக இருந்ததை வழித்து வழித்துப் போட்டாள். விரலிடுக்கில் ஒரு முருங்கைச் சக்கை மாட்டியது. கழுவி முடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அவளும் வாந்தி எடுத்தாள். அதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அவளால் சோறு பிசைய முடியவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டாள். கை வெட்டுப்பட்டிருக்கிறது என்று வீட்டில் சொன்னாள்.

அப்படியிருந்தும் அந்தக் காருக்கு அவள் கேட்டைச் சாத்தாததற்கு ஒரு காரணம் இருந்தது. கழுவியபின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். முதல் தடவை அவள் பைபாஸில் ஏற்றி மிதித்தபோது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் இருந்த புளியமரங்கள் ஒரே மரமாயின. அவள் தன்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் பத்தொன்பது தடவை அந்தக் கார் வந்தது. பத்தொன்பது தடவையும் அவள் கழுவினாள், தொட்டிக்குப் பின்னால் போனாள், பிறகு ஓட்டினாள்.

இருபதாவது தடவை கார் சசிதரின் ரேஸ்கோர்ஸ் பங்களா போர்ட்டிகோவிலேயே வாந்தி எடுத்துவிட்டதால் அவளை அங்கேயே வரச் சொன்னார்கள். சசிதரின் அம்மா லட்சுமியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல்படியில் நின்றார். கோயில் அன்னதானக் கமிட்டிக்கு அவர்தான் தலைவி. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார்.

"நல்லா இருக்கறயா கண்ணு? உங்களுக்கெல்லாம் இது பழகுனதுதானுங்களே. எங்களுக்குத்தான் பார்த்தாலே கொமட்டுது" என்றார்.

அன்புக்கரசி வலைக்குள் இருந்து கையை எடுக்கவில்லை. "எனக்கும் கொமட்டுதுங்கம்மா" என்றாள். லட்சுமியம்மாள் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அன்று மாலை சசிதர் அவளைக் கூப்பிட்டு, காரை நீயே வைத்துக்கொள், பேர் மாற்றித் தருகிறேன், எனக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார். விற்கலாம் என்றால் வாந்தி எடுக்கும் கார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. எப்படியும் கழுவுகிறவள் அவள்தானே என்று அவருக்குத் தோன்றியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அன்புக்கரசி பன்னிரண்டு நாள் யோசித்தாள். உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த முகமது ரியாஸிடம் கேட்டாள். அவர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இப்படி ஒரு மெஷினைத் தன் வாழ்நாளில் தொட்டதில்லை என்றும், ஆனால் தன் வாசலில் நிறுத்தவேண்டாம் என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அவளுடைய புருஷன் தமிழ்வேந்தன் அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவனுக்கு இதில் யோசிக்கவே எதுவுமில்லை.

"அந்த ஊட்டு எச்சியை நீ ரெண்டு வருசமா அள்ளுனதே போதும். இப்ப அதைக் கொண்டாந்து நம்மூட்டு வாசல்ல நிறுத்தோணுமா?"

"நம்ம பேருக்கு மாறிப்போச்சுன்னா அது நம்மூட்டுச் சோறுதானுங்க. கம்மங்கூழும் கீரையுந்தான் எடுக்கும். நம்ம பிள்ளை எடுத்தா அள்ளமாட்டமா?"

"பிள்ளையும் காரும் ஒண்ணா?"

"மிதிச்சுப் பாத்தீங்கன்னா தெரியும்" என்றாள். அவனைக் கூட்டிப்போய் ஓட்டிக் காட்டினாள். அவிநாசி தாண்டும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, இன்னொரு தடவை அந்தப் பாலத்தில் ஏறேன் என்றான். அப்படித்தான் ஆர்சி புக் அன்புக்கரசி பேருக்கு மாறியது.

மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லை. அவள் அதைச் சந்தைக்குள்ளும் சந்துக்குள்ளும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நம்பியூர் வழியாகக் கோபிவரை போய், வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தாள். தறி ஓட்டுகிற பெண்கள் சத்தத்தை வைத்தே, அன்பக்கா போகுது என்று தெரிந்துகொண்டார்கள். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை சோமனூர் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. இரண்டு ரயில் போகிறவரை கார் நின்று நின்று நகர்ந்தது. கேட் திறந்து, கடை வாசலுக்கு வந்து சேர்ந்ததும் மூன்று முறை விக்கியது. அன்புக்கரசி துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி முன்பக்கம் வந்தாள்.

முந்தின நாள் அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பும் சோளச் சோறும். தரையில் கிடந்தது அது இல்லை. நெய்ச்சோறு இருந்தது, முந்திரி இருந்தது, திராட்சை இருந்தது. நடுவில் சின்னச் சின்னதாக எலும்பு. அவள் குச்சியால் தள்ளிப் பார்த்தாள். காடை. மிளகு போட்டு வறுத்தது. இருபது தடவை கழுவிய கைக்கு சசிதர் வீட்டு மசாலா எது என்று தெரியாமல் போகாது. கார் அவள் பேரில் இருந்தது, வாசலில் நின்றது, அவள் போடும் பெட்ரோலைக் குடித்தது. ஆனால் சாப்பிட்டது முழுக்க ரேஸ்கோர்ஸில். அவளை அது கழுவுகிறவள் என்று மட்டும்தான் வைத்திருந்தது. அதுவரை நாற்றத்தினால் வந்த குமட்டல் இப்போது வேறு எங்கிருந்தோ வந்தது. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவற்றின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தொட்டிக்குப் பின்னால் போகவில்லை. குழாயை அடைத்துவிட்டு சசிதருக்குப் போன் போட்டாள்.

"கார் வாந்தி எடுத்துருச்சுங்க. வந்து கழுவிக் குடுங்க."

"என்ன அன்பு விளையாடறயா? உன்ற காரு."

"காரு என்னுதுங்க. சோறு உங்களதுங்க."

"ஒரு ஆளை அனுப்பறேன் இரு."

"ஆளு வேண்டாமுங்க. யாரையோ கொண்டாந்து அதுல கை விடச் சொன்னா, அவனுக்கும் எனக்காட்டத்தான் இருக்கும். உங்க ஊட்டுல தின்னது, உங்க ஊட்டுக் கை வரோணும்."

சசிதர் போனை வைத்துவிட்டார். அன்புக்கரசி ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டு, காருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். அன்று மழை பெய்தது, காருக்கு முன்னால் கிடந்தது கரையவில்லை. மறுநாள் வெயில் அடித்தது, காயவில்லை. எறும்பு சுற்றிக்கொண்டு போனது. காக்கை ஒன்று கிட்டே வந்து பார்த்துவிட்டுப் பறந்தது. தமிழ்வேந்தன் பொறுக்கமாட்டாமல் வாளியை எடுத்தான். அவள் ஒரு பார்வை பார்த்ததில் கீழே வைத்துவிட்டான். ஆட்கள் வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். தறிக்காரர்கள் வந்தார்கள், கருமத்தம்பட்டியிலிருந்து இரண்டு வேன் வந்தது. புரட்டாசி மாசத்தில் காடை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அடுத்தவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லவில்லை. வீட்டில் யார் தின்றது என்று காருக்குச் சொல்லத் தெரியாது. அதனால் அன்னதானக் கமிட்டி முழுவதும் தலைவியையே நினைத்தது. லட்சுமியம்மாள் அன்று பிரசாதம் கொடுக்கக் கை நீட்டியபோது வாங்க வந்தவர்கள் ஒரு நொடி தயங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டு, "போய்க் கழுவிப்போட்டு வா" என்றார்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு சசிதர் தனியாக வந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வலைக்கு முன்னால் குந்தினார். முதல் தடவை கை உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவை போனது. உடம்பு குலுங்கி, கண்ணில் நீர் வந்து, உட்கார்ந்த இடத்திலேயே அவரும் எடுத்துவிட்டார். அதையும் அவரே கழுவ வேண்டியிருந்தது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அன்புக்கரசிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அவளுக்கு அப்படி இல்லை. அந்தச் சட்டை, அந்த மோதிரம், அந்த மசாலா எல்லாமே அவளுக்கு ஒரே நாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்து போய்ச் சோப்பை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"நகக்கண்ணுக்குள்ள போயிருக்கும். நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க."

"சரிங்க" என்றார் சசிதர். அவர் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். வலையில் கடைசிப் பருக்கை போனதும் கார் சாவி போடாமலே ஒருமுறை உறுமி அடங்கியது.

அதற்குப் பிறகு சசிதரைத் தவிர வேறு யார் கழுவினாலும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. யார் கை என்று பார்க்காமல் இருந்த காருக்குக் கண் வந்துவிட்டது என்று முகமது ரியாஸ் சொன்னார். சசிதர் கொஞ்ச நாள் வீட்டில் இட்லி மட்டும் செய்யச் சொல்லிப் பார்த்தார். இட்லி வந்தது. கம்பெனி மீட்டிங்குகளைக் காலையில் வைத்துக்கொண்டார், தன் வேறு காரின் டிக்கியில் ஒரு வாளியும் கையுறையும் வைத்துக்கொண்டார். கையுறையைக் கார் ஏற்கவில்லை. காரை விட்டுவிடலாமே என்று தமிழ்வேந்தன் வருஷத்துக்கு ஒருமுறை கேட்பான். அவள் அதை விரும்பினாள் என்று சொல்ல முடியாது. விக்கல் சத்தம் கேட்டாலே இப்போதும் அவள் கை கற்பூரத் துண்டைத் தேடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன தை மாதம் கோபி போகிற வழியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நெல் வயலுக்கும் வாழைத்தோப்புக்கும் நடுவே கார் நின்றுவிட்டது. பால் பணியாரமும் கோழி பிரியாணியும். அன்புக்கரசி போன் செய்துவிட்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நூறடி தள்ளிப் போய் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தாள். அறுத்த நெல்லை ஏற்றிக்கொண்டு டிராக்டரில் வந்த சுப்பண்ணன் வேகத்தைக் குறைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் கிடந்ததைச் சுற்றி ஒடித்துத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அந்தக் காரைத் தெரியும்.

"ஏனுங்க அம்மணி, சாரு இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"நம்பியூர் தாண்டிட்டாருங்களாம்" என்றாள்.

"அப்பச் சரீங்க" என்று சுப்பண்ணன் டிராக்டரைக் களத்துக்கு விட்டார்.